ஞானதுரை உள்நுழைந்தார்

செவ்வாய்க் கிரகத்தின் வடக்குக் காற்றுநிலையத்தில் விடிந்ததும் கதவுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடும். ஒவ்வொரு கதவும் "வணக்கம், ஞானதுரை" என்று சொல்லும். ஞானதுரை இறந்து மூன்று வருடங்கள் ஆகின்றன.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை, வெறும் சோம்பல்தான். கதவுகளையும் காற்றுக் குழாய்களையும் காலைதோறும் தானாகவே சோதித்துப் பார்ப்பது சேவையகம் என்ற ஒரு கணினி. அதற்கு இரட்டைச்சாவி, அதாவது ஜோடியான இரண்டு குறியீடுகள், வேண்டும். மறைசாவி சேவையகத்திடம் இருக்கும், அதன் ஜோடியான வெளிச்சாவி கதவுகளிடம். இரண்டும் பொருந்தினால் கதவு கடவுச்சொல் கேட்காமல், சாவிக்கு உரியவரின் பெயரைச் சொல்லி வணங்கித் திறந்துவிடும். சேவையகத்துக்கென்று தனி ஜோடி செய்திருக்க வேண்டும். ஞானதுரை அவசரத்தில் தன் சொந்தச் சாவியையே அதற்குக் கொடுத்துவிட்டார்.

"பொறவு மாத்திக்கிடலாம், எஸ்தரு" என்றார் மனைவியிடம். நம்மில் யார்தான் அப்படிச் சொன்னதில்லை?

இப்போது நிலையத்தில் எஸ்தர் மட்டும்தான். அந்த வணக்கத்தைக் கேட்டுத்தான் கண் விழிப்பாள். அவர் பெயரைச் சொல்ல அவளைத் தவிர அந்தக் கதவுகள்தான் மிச்சம்.

தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது: தனிநபர் சாவியில் ஓடும் சேவையகங்களுக்கு உடனே சொந்தச் சாவி தர வேண்டும், தவறினால் காற்று நிறுத்தப்படும். எஸ்தர் முடிந்தவரை தள்ளிப்போட்டாள். காற்றை நிறுத்தினால் என்ன செய்வது? புதிய ஜோடி செய்து, வெளிச்சாவியைக் கதவுகளில் ஏற்றினாள். 'ஞானதுரையை நீக்கவா?' என்று திரை கேட்டது. வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, 'ஆம்' என்று தட்டினாள்.

மறுநாள் கதவுகள் ஒழுங்காகத் திறந்தன. "வணக்கம், சோதனைச் சேவையகம்" என்றன. எஸ்தர் போர்வைக்குள் அழுதாள்.

சற்று நேரத்தில் தலைமையகத்திலிருந்து அழைப்பு. மைதிலி என்ற அதிகாரி பேசினாள்.

"ஞானதுரை சார் இன்னைக்கு வேலைக்கு வரலையே. உடம்பு சரியில்லையா?"

"அவுக செத்து மூணு வருசமாச்சும்மா."

மைதிலி வருகைப் பதிவைத் திறந்து பார்த்தாள்.

"எங்க பதிவுல ஒரு நாள்கூட லீவு இல்லையே. நீங்க யாருக்கும் சொல்லலையா?"

"அன்னிக்கே எழுதிப் போட்டேனே. ஒடனே பதிலும் வந்துச்சு, ஆழ்ந்த இரங்கல்னு. அதைத்தான் தெனமும் படிச்சுக்கிட்டிருக்கேன்."

"அது... தானா போற பதில்மா. எழுதினதை யாரும் படிச்சிருக்க மாட்டாங்க."

மைதிலி நல்ல பெண்தான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்கு உண்மையிலேயே தோன்றியது. யோசித்துப் பார்த்தாள், வேறொன்றும் வாயில் வரவில்லை.

"ஆழ்ந்த இரங்கல்மா" என்றாள்.