திறந்து கிடந்த கார்பைட் டின்

மிளகாய்க்கு மூக்கு விடைத்துக்கொண்டு நின்றது. கோபம் வந்தால் அப்படித்தான். தெருவில் அவளுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

வெல்டிங் பட்டறை அவளுடைய அம்மாவுடையது. நேற்று அங்கே, எப்போதும் மூடியே இருக்க வேண்டிய கார்பைட் கல் டின் திறந்து கிடந்தது. திறந்து போட்டவன் அண்ணன். திட்டு விழுந்தது மிளகாய்க்கு.

“இனிமே நீ பட்டறைக்குள்ள காலே வைக்கக் கூடாது!” என்று அம்மா கத்திவிட்டாள்.

இன்று அம்மாவும் அண்ணனும் இரும்புக் கதவு ஒன்றை மாட்டப் போயிருந்தார்கள். மிளகாய் வாசலில் இருந்து எட்டிப் பார்த்தாள். டின் மறுபடியும் திறந்தே கிடந்தது!

“கிடக்கட்டும். அம்மாவே வந்து பாக்கட்டும்” என்று முறைத்தபடி படியில் உட்கார்ந்தாள்.

அப்போது உள்ளே புகை கிளம்பியது. காலையில் வெல்டிங்கில் தெறித்த பொறி எண்ணெய்த் துணியில் கனன்று பற்றி, டின்னுக்குப் பக்கத்திலேயே எரிந்தது.

“தீ! தீ!”

பக்கத்துக் கடைத் தையல்காரர் வாளி நிறையத் தண்ணீரோடு ஓடி வந்தார்.

“தண்ணி வேணாம் மாமா!”

“தள்ளு! கடையே எரியுது, வழியில நின்னுக்கிட்டு!”

சொன்னால் கேட்கிற ஆளா அவர்? வாளியை எட்டி ஒரு உதை விட்டாள். தண்ணீர் முழுவதும் அவர் மேலேயே கொட்டியது. அவர் கத்துவதற்குள் மிளகாய் உள்ளே பாய்ந்து, மணல் வாளியைத் தூக்கித் தீயின் மேல் கவிழ்த்தாள். தீ அடங்கியது. டின்னையும் இறுக மூடினாள்.

“திமிரா உனக்கு?” சொட்டச் சொட்ட நின்றார் தையல்காரர்.

“அந்தக் கல்லுல கால்சியமும் கார்பனும் சேர்ந்திருக்கு மாமா! தண்ணி பட்டா கால்சியம் சுண்ணாம்பாயிடும். கார்பன் தண்ணியில இருக்குற ஹைட்ரஜனோட சேர்ந்து வாயுவாக் கிளம்பிடும். எரிஞ்சா இரும்பையே உருக்குற வாயு! தீ பக்கத்துல அது வந்திருந்தா, உங்க கடையும் சேர்ந்து போயிருக்கும்!”

தையல்காரர் டின்னை விட்டு இரண்டடி பின்வாங்கினார். வாசலுக்குப் போய்ச் சட்டையைப் பிழிந்தார்.

திரும்பி வந்த அம்மா, கரிந்த துணியைப் பார்த்தாள். மணலைப் பார்த்தாள். “டின் இன்னிக்கும் திறந்தே கிடந்துச்சும்மா” என்றாள் மிளகாய். அண்ணன் மெதுவாக அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தான்.

“நேத்தும் இவன்தானா?” அவனைத் திரும்பிப் பார்த்த அம்மா, மிளகாயை இழுத்து அணைத்துக்கொண்டாள். “கேக்காமத் திட்டிட்டேன்டி. தப்பு என்னுதுதான். இனி பட்டறைக்கு நீ எப்ப வேணாலும் வா.”

மிளகாய்க்குப் பாதிக் கோபம் போய்விட்டது. மீதியை அண்ணனுக்கென்று பத்திரமாக வைத்துக்கொண்டாள்.