வினிகர் இல்லாத வெள்ளிக்கிழமை

இரண்டு உள்ளங்கள் முதன்முதலாகச் சந்திக்கும் கணத்தில் பிரபஞ்சமே மூச்சை அடக்கிக்கொள்கிறது. நேற்றுவரை இருந்த மனிதன் கரைந்துபோய், அவனிடத்தில் வேறொருவன் பிறக்கிறான்.

அன்று இலோய்லோ நகரத்தின் அந்த அரசு உயர்நிலைப்பள்ளி வேதியியல் கூடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது ஆசிரியர் நோனிட்டோ மட்டும்தான். அம்மோனியா பாட்டிலைத் திறந்து நேராக மூக்கருகே கொண்டுபோயிருந்தான்.

மழை தகரக்கூரையை அறைந்துகொண்டிருந்தது. கதவு திறந்தது... சொட்டும் குடையோடு ஒரு பெண். நாவற்பழத்தைக் கழுவி வைத்ததுபோல் கண்கள். இரண்டா, நான்கா என்று அவனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவனுடைய கண்கள் அருவியாகிவிட்டிருந்தன.

"சார்... அழறீங்களா?"

"ஆராய்ச்சி பண்றேன்."

"தள்ளி வெச்சு, கையால விசிறித்தானே மோந்து பாக்கணும்? சுவத்துல எழுதியிருக்கே."

"யாரோ எழுதிவெச்சதுக்கெல்லாம் நான் பொறுப்பா?"

"கீழ பேரு இருக்கு சார். உங்க சட்டைல குத்தியிருக்கிற அதே பேரு."

இப்படித்தான் மாரிவிக் அவன் வாழ்க்கைக்குள் வந்தாள். தற்காலிக ஆசிரியை. நிரந்தர வேலை ஒன்று காலியாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மாவட்ட அதிகாரிகள் முன்னால் பௌதிக மாற்றமும் ரசாயன மாற்றமும் நடத்திக் காட்ட வேண்டும். தேறினால் அந்த வேலை. தேறாவிட்டால் தோஹாவில் அத்தை பார்த்துவைத்திருக்கும் ஒரு வீடு. அங்கே வேதியியல் கிடையாது. யாரோ பெற்ற பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டுவதுதான் வேலை.

இரண்டு நாள் நோனிட்டோ அவளுடன் பேசவில்லை. தன்மானம். மூன்றாம் நாள் ஒத்திகைக்கு அவனே ஐஸ் கேண்டி வாங்கிவந்தான்.

பார்வையிடும் பாடம் என்றால் ஒத்திகை இல்லாமல் எந்த ஊரில் நடக்கிறது? பிள்ளைகளுக்கு எந்தக் கேள்விக்கு யார் கை தூக்குவது, எங்கே வியப்பது என்பதெல்லாம் மனப்பாடம். சோதனையைப் பார்க்காமலே முடிவைச் சொல்வார்கள்.

"இது உருகினா திரும்ப உறைய வெச்சுக்கலாம்," என்றாள் மாரிவிக், ஐஸ் கேண்டியைக் கடித்தபடி. "காகிதம் எரிஞ்சா எரிஞ்சதுதான். நீங்க எந்த வகை சார்?"

"நானா... எதுலயும் கலக்காம அடியில தங்கிடுற வகை."

"அப்ப நல்லாக் கலக்கிவிடணும்."

அவன் காது சிவந்தது. அன்று மாலை அவன் ஒரு வீரச்செயல் புரிந்தான். கண்ணாடி அலமாரியைத் திறந்தான். அதற்குள் புத்தம்புதுப் பாதுகாப்புக் கண்ணாடிகள் இருந்தன. பிள்ளைகள் போட்டால் கீறல் விழும் என்பதால், பாதுகாப்பை அதிகாரிகள் பார்த்து மகிழ்வதற்காகத் தலைமையாசிரியை பூட்டி வைத்திருந்தார். ஒன்றை எடுத்து மாரிவிக்கின் கையில் கொடுத்தான்.

"மாட்டிக்கோங்க மேம். அந்தக் கண்ணுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

அவள் சிரித்தாள். கண்ணாடியில் ஆவி படர்ந்தது...

வெள்ளிக்கிழமை விடிந்தபோதே மழை. அதிகாரிகளுக்குச் சாப்பாடு போடுவது பள்ளியின் கடமை. வயிறு நிறைந்தால் மதிப்பெண் கூடும் என்பது எழுதாத விதி. பான்சிட் நூடுல்ஸ் மட்டும் போதாது, பச்சை மீனை வினிகரில் ஊறவைக்கும் கினிலாவும் வேண்டும் என்று நோனிட்டோ தானே முன்வந்தான். அவளுக்காகச் சூரை மீனைத் துண்டுபோட்டு, இஞ்சி, வெங்காயம் நறுக்கி, ஊறவைக்கத் தொடங்கியபோது வினிகர் பாதியில் தீர்ந்தது. கடைக்குப் போகும் பாதையில் முழங்கால்வரை தண்ணீர். பாட மேசையில் சோதனைக்கான புது வினிகர் பாட்டில் ஒன்று, முத்திரை உடைக்காமல், நிமிர்ந்து நின்றது... மழை விட்டதும் வேறு வாங்கி வைத்துவிடலாம். அதுவரை மேசை வெறிச்சென்று இருக்கக் கூடாதென்று காலியான பாட்டிலில் தண்ணீரை நிரப்பி வைத்தான்.

மழை விடவில்லை. அதிகாரிகள் சீக்கிரமே வந்துவிட்டார்கள்.

ஐஸ் உருகியது. காகிதம் எரிந்தது. எல்லாம் அழகாக நடந்தது. பிறகு மாரிவிக் பாட்டிலைத் திறந்து முன்வரிசைப் பெண்ணிடம் நீட்டினாள். அந்தப் பெண் முறைப்படி கையால் விசிறி மோந்தாள்.

"புளிப்பு வாசனை, மேம்."

சமையல் சோடாவின்மேல் ஊற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. சோடா நனைந்தது.

"கொப்பளிக்குது மேம்," என்றது வகுப்பு ஒரே குரலில். "வாயு வருது. ரசாயன மாற்றம்."

அதிகாரி தலையாட்டினார். தலைமையாசிரியையின் முகம் மலர்ந்தது. மாரிவிக் அந்த இடத்தில் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்திருந்தால் அவள் இன்றும் அங்கேதான் வேலை பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் பாட்டிலை விசிறி மோந்து பார்த்தாள். "கொப்பளிக்கலையே... இது வெறும் தண்ணி. நீங்க என்னத்தப் பாத்தீங்க?"

வகுப்பு விழித்தது. இந்தக் கேள்வி ஒத்திகையில் இல்லை.

"பாட்டில யாரு எடுத்தது?" அவள் பார்வை பின்வரிசைவரை போய், நோனிட்டோவின் மேல் ஒரு கணம் நின்றது.

சொல்... சொல்லிவிடு... என்றது அவன் நெஞ்சு. தலைமையாசிரியை, அதிகாரிகள், நாற்பது பிள்ளைகள். அவன் சட்டைப் பையில் குத்தியிருந்த பெயரைச் சரிசெய்துகொண்டான்.

மாணவர்களின் சரியான விடைகளை ஆசிரியை மறுத்துரைத்தார் என்று எழுதிவிட்டுப் போனார்கள். வேலை வேறொருவருக்குப் போனது.

திங்கட்கிழமை அவள் தன் பொருட்களை எடுக்கக் கூடத்துக்கு வந்தாள். அதே மழை. நோனிட்டோ பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்தான். அடுப்பு கூட எரியவில்லை.

"மேம்... உங்கள எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த அம்மோனியா நாள்லேர்ந்து."

"அது பள்ளிக்கூடத்துக்கே தெரியும் சார்."

"இன்னொண்ணும் இருக்கு... வினிகர எடுத்தது நான்தான்."

எடுத்த பொருட்களை அவள் மேசைமேல் வைத்தாள். "கண்ணாடியக் கழட்டுங்க."

கழற்றினான். இம்முறை அம்மோனியா எதுவும் திறந்திருக்கவில்லை.

"நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே. கேன்டீன்ல ஒரு கரண்டி வினிகர் வாங்கி ஊத்திக் காட்டியிருப்பேன்."

"வாய் வரல மேம்."

"எனக்கும் உங்களப் பிடிச்சிருந்துச்சு," என்றாள். இருந்துச்சு என்றுதான் சொன்னாள். குடையை விரித்தாள். வாசலில் திரும்பினாள். "அந்தக் கினிலாவயாவது எல்லாரும் சாப்பிட்டாங்களா?"

அவன் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்தான். ஜீப்னி வண்டி வந்தது, அவள் போய்விட்டாள்.

ஒரு கரண்டிக்கு மேல் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவன் உப்புப் போட மறந்திருந்தான்.