கரையோரம் கொஞ்சம் சிவப்பு

"ஓடுற தண்ணிக்கு ஞாபகம் கிடையாது! எதைக் கலந்தாலும் அன்னைக்கே கழுவிட்டுப் போயிடும். இந்த ஆராய்ச்சிக்குத்தான் எனக்கு டாக்டர் பட்டமே!"

நடுக்கூடத்தில் பிணம். பக்கத்தில் நின்று இப்படி அறிவித்தார் நீர்வள இன்ஜினியர்.

இறந்தவர் அவர் மனைவியின் அண்ணன். ஓடையோரக் கடைசி வீட்டுக்காரர். விடிந்ததும் ஓடைத் தண்ணீரைக் குடித்தவர், படியிலேயே சுருண்டார். போஸ்ட்மார்ட்டம் முடித்து இப்போதுதான் கொடுத்தார்கள்.

மனைவி தம்ளர் தண்ணீரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். குடிக்கவில்லை.

"என்னடி, உங்கண்ணன் உள்ள நீந்துறாரா?"

"விளையாடாதீங்க... போன வாரம் ஓடை ரத்தமா ஓடுச்சுன்னு போன்ல சொன்னாரு. 'உன் புருஷனைப் பத்தி நேர்ல பேசணும்'னாரு. அதுக்குள்ள..."

இன்ஜினியர் மாலையைச் சரிசெய்வதுபோல் பிணத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது. மச்சானுக்கு மட்டும் அது தெரியும்.

இனி யாருக்கும் தெரியாது!

போன் அலறியது.

"இன்ஸ்பெக்டர் பேசறேன் சார்." பெண் குரல். "ஓடைப் பக்கம் வர்றீங்களா? பேய் வேலை மாதிரி இருக்கு. நீங்கதான் விளக்கணும்."

போனார்.

ஓடை தூக்கத்தில் நடப்பது போல் நகர்ந்தது. நடுவில் கண்ணாடித் தண்ணீர். கரையோரம், கோரைக்குள்... இளஞ்சிவப்பு!

'மாப்ளே...'

திரும்பினார். யாருமில்லை. காற்று. காற்றேதான்!

"ஓரத்துல மட்டும் ஏன் சார் இப்படி?"

கர்வம் வாயைத் திறந்தது.

"சிம்பிள் மேடம்! நடுத்தண்ணி ஓடிடும். ஓரத்துல தேங்குற தண்ணி, கலந்ததைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா..."

நின்றார்.

வருஷா வருஷம் பயிற்சி வகுப்பில் அவரே நடத்துகிற பாடம். மறந்து தொலைத்தது தண்ணீர் அல்ல!

"...திருப்பிக் குடுக்கும். அப்படித்தானே?" இன்ஸ்பெக்டர் சிரித்தாள். "சாயத்தோட விஷத்தையும் குடுத்திருக்கு சார். மச்சான் வீட்டுப் படிக்கு எப்ப வந்து சேரும்னு முதல்ல சாயம் ஊத்தி ஒத்திகை. அப்புறம் விஷம்! இந்தச் சாயம் உங்க லேப்ல மட்டும்தான் இருக்கு. ஓடைக்கரையில உங்க பம்ப் ஹவுஸ் வரைக்கும் தண்ணி சுத்தம், அதுக்குக் கீழதான் சிவப்பு!"

"அது... வந்து..."

"ஒத்திகை பாக்காம இருந்திருந்தா தப்பிச்சிருப்பீங்க. படிப்பு ஜாஸ்தி!"

ஸ்டேஷன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"தண்ணி..."

கம்பிக்கு வெளியே நின்ற மனைவி தம்ளரை நீட்டினாள்.

வாங்கினார். உதட்டருகே கொண்டுபோனவர், நிறுத்தினார்.

ட்யூப்லைட்டுக்கு நேராக, மெல்ல உயர்த்திப் பார்த்தார்...

"என்னங்க," என்றாள் அவள். "எங்கண்ணன் உள்ள நீந்துறாரா?"