மூச்சு வாங்கிய கெப் வண்டி

மாரிசாமி மாமாவிடம் அவருடைய கெப் வண்டியின் வயதைக் கேட்டால் கோபம் வந்துவிடும். "உன் வயசை நான் கேட்டேனா?" என்பார்.

வாரம் முழுக்கக் கோவா, கரட் என்று காய்கறி ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகும் வண்டி அது. அன்றைக்கு மட்டும் அதன் பின்தட்டில் வலைப்பந்து அணிப் பிள்ளைகள் ஏறியிருந்தார்கள். கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்று வலயப் போட்டிக்குப் போவது லேசான காரியமா என்ன? அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இதுதான் முதல் தடவை.

பண்டாரவளையில் மதியம் ஒரு மணிக்கு ஆட்டம். நேரத்துக்குக் களத்தில் நிற்காத அணி தோற்றதாகக் கணக்கு. விஜயலெட்சுமி டீச்சர் இதைப் பிள்ளைகள் வண்டியில் ஏறும்போதும் சொன்னார், ஏறி உட்கார்ந்த பிறகும் சொன்னார்.

நிரஞ்சலா பின்தட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பந்தை வளையத்துக்குள் போடும் இடம் அவளுடையது இல்லை. அது அவளுடைய தோழி கேசினியின் இடம். கேசினி ஒரு கொய்யாப்பழத்துக்கு ஆசைப்பட்டு மரத்தில் ஏறி, பழமும் தானுமாகக் கீழே வந்துவிட்டாள். பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கேசினியின் வலது கை முறிந்தது. அதனால் நிரஞ்சலா ஆடுகிறாள், கேசினி கையில் கட்டுடன் முன்சீட்டில் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆடத்தான் முடியாது, சும்மா இருக்கவும் கேசினியால் முடியவில்லை. அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டுவது படங்கு. முள்ளும் பனியும் உள்ளே வராத தடித்த துணி அது. பழைய படங்குகள் இரண்டை அம்மாவிடம் வாங்கி, ஒன்றாகத் தைக்கச் சொல்லி, அதில் இடது கையாலேயே படம் வரைந்தாள். இரண்டு இலை, ஒரு மொட்டு, மொட்டின் மேல் ஒரு பந்து. கீழே 'நாங்கள் வருகிறோம்' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதினாள். இடது கை எழுத்து அல்லவா, கொஞ்சம் மலை ஏறிக்கொண்டு போனது. ஆனாலும் பார்த்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

"கதிர்காமம் கோயிலுக்குப் போற வண்டியெல்லாம் முகப்புலதானே பேனர் கட்டும்? இதையும் முகப்புல கட்டு பாப்பா" என்றார் மாமா. கேசினி பானட்டுக்குக் கீழே, இரண்டு விளக்குகளுக்கும் நடுவில், படங்கை இழுத்துக் கட்டினாள்.

ஆகஸ்ட் மாத வெயில். மழையைக் கண்டு வெகுநாள் ஆகியிருந்தது. பேரகலைச் சந்திக்கு ஏறும் மலைப்பாதையில் இரண்டாவது வளைவு தாண்டியதும் வண்டியின் சத்தம் மாறியது. மாமா மிதிக்கிறார், வண்டி முனகுகிறது, வேகம் மட்டும் வரவில்லை. ஒரு லொறி முந்திக்கொண்டு போனது. மாமா பொறுத்துக்கொண்டார். ஆட்கள் நிறைந்த ஆட்டோ ஒன்று முந்தியபோதுதான் அவருக்கு முகம் சுருங்கியது.

"என்னண்ணே, வண்டி இழுக்கலையா?" என்று கேட்டார் டீச்சர்.

"சூடு ஏறிருச்சு டீச்சர். மீட்டர் முள்ளைப் பாருங்க, மேல போய் நிக்குது. சூடு கூடினா எஞ்சினுக்குச் சக்தி கொறைஞ்சிரும். ஹீட்டரைப் போடுறேன், கொஞ்சம் சூட்டை வெளியே எடுக்கும்."

ஹீட்டர் சூட்டை எடுத்தது உண்மைதான். எடுத்து நேராக டீச்சர் முகத்தில் விட்டது. கேசினிக்கு வியர்த்துக் கொட்டியது.

"மாமா, இது வெளியே போகலை. எங்க மேலதான் வருது" என்றாள்.

அதற்கு மேல் வண்டியும் ஒத்துக்கொள்ளவில்லை. சவுக்கு மர நிழலில் ஓரங்கட்டி, மாமா பானட்டைத் திறந்தார். எஞ்சினை நிறுத்தவில்லை. "காத்தாடி சுத்தட்டும், அப்பதான் ஆறும். யாரும் கையை உள்ளே விடக் கூடாது" என்று பிள்ளைகளை எச்சரித்துவிட்டு, தண்ணீர்ப் போத்தல்களைப் பார்த்தார். எல்லாம் காலி. தண்ணீர்க் கானை எடுத்துக்கொண்டு, மலைத் தண்ணீர் விழும் பாதையோரப் பீலியைத் தேடி நடந்தார். டீச்சர் யாருக்கோ போன் எடுத்துப் பார்த்தார், சிக்னல் இல்லை.

முஷ்ரிபா வண்டியின் முன்னால் வந்து நின்று படங்கை வாசித்தாள். அணியில் வாயாடி அவள்தான். "நாங்கள் வருகிறோம்னு எழுதியிருக்கு. எப்ப வருவோம்னு எழுதலையே."

எல்லோரும் சிரித்தார்கள். கேசினி மட்டும் சிரிக்காமல் போய் மதகின் மேல் உட்கார்ந்தாள்.

நிரஞ்சலா படங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சரியில்லை. காற்று ஓய்ந்து கிடக்கிறது, சவுக்கு இலைகூட அசையவில்லை. ஆனால் படங்கு உள்பக்கமாக இழுபட்டு, வண்டியின் முன் கம்பிகளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். விட்டதும் பட்டென்று திரும்பவும் ஒட்டிக்கொண்டது.

அவள் சின்ன வகுப்பில் படித்த காலத்தில் எல்லோரும் மாஸ்க் போட்டுத்தான் பள்ளிக்கூடம் போனார்கள். மாஸ்கோடு ஓடினால் துணி இப்படித்தான் மூக்கோடு ஒட்டிக்கொள்ளும். மூச்சை இழுக்க இழுக்க இன்னும் ஒட்டும். கொஞ்ச தூரத்திலேயே கால் சோர்ந்து நின்றுவிடும்.

வண்டியும் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் மலை ஏறுகிறது.

தெரிந்ததும் சந்தோஷம் வர வேண்டுமே, நிரஞ்சலாவுக்கு அழுகைதான் வந்தது. கேசினியின் இடத்தை எடுத்தாயிற்று. இப்போது அவள் வரைந்ததையும் கழற்றச் சொல்வதா? சொல்லாவிட்டால் ஒரு மணிக்குப் போய்ச் சேர முடியாது. மாமாவிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார், அது எல்லோருக்கும் முன்னால் நடக்கும்.

அவள் மதகுக்குப் போய்க் கேசினியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்குவியா?"

"கோவிச்சுக்குவேன். சொல்லு."

"வண்டிக்கு மூச்சு முட்டுது. படங்குதான் மூக்கை மூடியிருக்கு."

கேசினி எழுந்து வண்டிக்கு முன்னால் போனாள். அவளும் ஓரத்தை இழுத்து விட்டுப் பார்த்தாள். பட்டென்று ஒட்டியது.

"மாமாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. உங்கிட்டதான் மொதல்ல சொல்றேன்."

"ஏன்?"

"நீ வரைஞ்சதுதானே."

கேசினியின் கண் நிறைந்துவிட்டது. பழக்கத்தில் வலது கையைத் தூக்கி, கட்டின் ஓரத்தால் துடைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து முதல் முடிச்சைத் தொட்டாள்.

"இது ஒத்தக் கையும் பல்லுமா போட்ட முடிச்சு. உங்க யாருக்கும் அவுக்க வராது. நானே அவுக்குறேன்" என்றாள். நிரஞ்சலா மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர்க் கானோடு வந்த மாமா பதறிப்போனார். "ஏம்மா, அலங்காரத்தைக் கழட்டுற?"

கேசினியே காரணத்தைச் சொன்னாள். மாமா கம்பிகளுக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தார். காற்று இப்போது விறுவிறுவென்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கட்டச் சொன்னவனே நான்தான். கதிர்காமத்துக்குக் கட்டுறது மெல்லிசுத் துணி, பாதையும் இறக்கம். இது பனியே போகாத படங்கு, பாதையோ ஏத்தம். எனக்குல்ல தெரிஞ்சிருக்கணும்."

"அப்ப கொய்யா மரத்துல நான் விழுந்ததும் உங்க பிழைதான் மாமா" என்றாள் கேசினி. கன்னம் இன்னும் ஈரமாக இருந்தது, ஆனால் சிரித்துவிட்டாள்.

முள் மெல்லக் கீழே இறங்கியது. படங்கைச் சுருட்டிக் கேசினியின் மடியில் வைத்தாள் நிரஞ்சலா. வண்டி புறப்பட்டது. முதல் வளைவில் கொஞ்சம் முனகியது, அடுத்ததில் அதையும் விட்டுவிட்டது. தங்களை முந்திவிட்டுத் தேநீருக்கு நின்ற லொறியைப் பேரகலைக்குக் கிட்டப் பிடித்தபோது மாமா ஹோர்ன் அடித்துக்கொண்டே போனார். டீச்சர்கூட அவரைக் கண்டிக்கவில்லை.

நடுவர் விசிலை வாயில் வைக்கும் நேரத்தில் பிள்ளைகள் மைதானத்துக்குள் ஓடினார்கள். நிரஞ்சலாவின் முதல் பந்து வளையத்தைத் தொடவே இல்லை. இரண்டாவது வளையத்தில் பட்டு வெளியே போனது.

இடைவேளை வந்தது. மற்றப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் கூடாரம் இருந்தது. இவர்களுக்கு உச்சி வெயில்தான். தலையைக் குனிந்துகொண்டு நிரஞ்சலா களத்தை விட்டு வந்தபோது, கேசினியும் ஓரத்தில் இருந்த பிள்ளைகளும் படங்கின் நான்கு முனைகளையும் பிடித்துத் தலைக்கு மேலே உயர்த்தியிருந்தார்கள். காற்றை விடாத படங்கு வெயிலையும் விடவில்லை. அணி முழுவதும் அதற்குக் கீழே நெருக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தது.

"உன் முன்னால நிக்கிற பிள்ளையைப் பாக்காத. வளையத்தை மட்டும் பாரு. முழங்காலை மடிச்சுப் போடு" என்றாள் கேசினி.

நிரஞ்சலா மடித்துப் போட்டாள். பந்து போனது. மறுபடியும் போனது. அந்த ஆட்டத்தை வென்றார்கள். அடுத்ததில் தோற்றார்கள். தோற்றதும் எல்லோருக்கும் அழுகை வந்தது, டீச்சர் வாங்கிக் கொடுத்த ஐஸ் பழத்தோடு அது போய்விட்டது.

திரும்பும்போது கேசினி படங்கை மடிக்கப் போனாள். நிரஞ்சலா தடுத்தாள். "பின்கதவுல கட்டுவோம்."

"கட்டுங்க, கட்டுங்க. வண்டிக்குப் பின்னால மூக்கு கிடையாது" என்றார் மாமா.

கேசினி இந்த முறை முன்சீட்டுக்குப் போகவில்லை. பின்தட்டில், பின்கதவை ஒட்டி நடுவில் உட்கார்ந்தாள். நிரஞ்சலா அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். ஹப்புத்தளை தாண்டியதும் கொழும்பு பஸ் ஒன்று பின்னால் வந்தது. முன்வரிசையில் ஒரு சின்னப் பையன் எழுந்து நின்று, படங்கில் இருந்த சிங்கள எழுத்துகளை விரலால் சுட்டி ஒவ்வொன்றாக வாசித்தான். வாசித்து முடித்ததும் கை காட்டினான். அவன் அம்மாவும் கை காட்டினார். டிரைவர் ஹோர்ன் அடித்தார்.

"முன்னால கட்டியிருந்தா இதையெல்லாம் நான் பாத்திருக்கவே மாட்டேன்" என்றாள் கேசினி.

"வீட்டுக்குப் போறப்பவும் நாங்கள் வருகிறோம்னே இருக்கே" என்றாள் முஷ்ரிபா.

"அடுத்த வருஷத்துக்குச் சொல்றோம்" என்றாள் கேசினி. அவள் நிரஞ்சலாவின் கையோடு சேர்த்துத் தன் இடது கையைத் தூக்கினாள். பேரகலைச் சந்தியில் பஸ் கொழும்புப் பாதைக்குத் திரும்பி மறையும் வரை இரண்டு பேரும் கையை இறக்கவில்லை.