கழுகுக்குத் தெரியாத புல்

ஒரு வருடமாக அந்த வீட்டில் ஒரே பாட்டுதான். "கிராபிக்ஸ் கார்டு மாத்தணும், கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்." பல் தேய்க்கும்போதும் அதே பேச்சு, ஷூ லேஸ் கட்டும்போதும் அதே பேச்சு. கணினித் திரையில் படம் வரைந்து காட்டுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. அந்த வீட்டுக் கணினியில் இருந்த கார்டுக்கு எட்டு வயது. நச்சரித்துக்கொண்டிருந்தவளுக்குப் பத்து வயது.

வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். தெருவில் அவள் பெயர் கழுகு.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. தினமும் சாயங்காலம் வீட்டுப்பாடம் முடிந்ததும் நான்கு பிள்ளைகள் அவரவர் வீட்டுக் கணினியில் ஒரு விளையாட்டைத் திறப்பார்கள். பெரிய மலை, பரந்த வெளி, நிறைய பாறைகள். மூன்று பேர் ஒளிய வேண்டும், ஒருவர் ஐந்து நிமிடத்துக்குள் தேட வேண்டும். மற்றவர்கள் தேடினால் ஐந்து நிமிடமும் தீர்ந்துவிடும். அவள் தேடினால் ஒரே நிமிடம்தான்.

"நெட்டை, பாறைக்கு இடது பக்கம்! வாயாடி, ஓடை ஓரம்! பூனை, நடு வெளியில குப்புறப் படுத்திருக்க, எழுந்திருடி!"

"எப்படி? எப்படி?" என்று மூன்று பேரும் ஹெட்போனில் அலறுவார்கள்.

"கண்ணாடிக் கடைக்காரர் பொண்ணாச்சே, கண்ணு கூர்மையாத்தான் இருக்கும்" என்பான் நெட்டை. அவள் அப்பா மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "என் சின்னப் பொண்ணுக்குக் கழுகுப் பார்வை" என்று பெருமையடித்துக்கொள்வார்.

கழுகுக்கு இதில் ஒரே ஒரு விஷயம்தான் புரியவில்லை. நண்பர்கள் ஏன் இப்படி மொட்டை வெளியில் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள்? அதிலும் பூனை! நிஜமான தெருவில் கண்ணாமூச்சி ஆடினால் பூனையை யாராலும் பிடிக்க முடியாது. ஒருமுறை அவள் ஒரு துணிக் கூடைக்குள் ஒளிந்து, அங்கேயே தூங்கியும் போய்விட்டாள். அப்படிப்பட்டவள் கணினியில் மட்டும் வெறும் மண்ணில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு கிடப்பாள். 'பாவம், சொன்னால் வருத்தப்படுவாள்' என்று கழுகு வாயைத் திறக்கவில்லை.

மற்றபடி அந்தக் கணினியோடு மல்லுக்கட்டுவது பெரிய பாடு. படம் விட்டு விட்டு நகரும். சில சமயம் நின்றேவிடும். "நான் கடையைப் பூட்டிட்டு வந்தப்பவும் இதே படம்தான் நின்னுது, சாப்பிட்டு முடிச்சப்பவும் இதேதான் நிக்குது" என்பார் அப்பா.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை அக்கா மனம் இரங்கினாள். அக்கா கல்லூரியில் கணினிதான் படிக்கிறாள். வீட்டுக் கணினியை அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று பாகங்கள் சேர்த்துக் கட்டியவளும் அவள்தான்.

"என் வகுப்புல ஒருத்தி தன் கார்டைக் குறைஞ்ச விலைக்குத் தர்றா. நம்மளோடதைவிட ரொம்ப நல்லது. பெட்டிக்குள்ள இடம் இருக்கா, பவர் சப்ளை தாங்குமான்னு மட்டும் பாக்கணும். எல்லாம் சரியா இருந்தா சனிக்கிழமை மாத்திடலாம்."

கழுகு கட்டில் மேல் ஏறிக் குதித்த குதியில் பக்கத்து அறையிலிருந்து அம்மா ஓடி வந்தாள்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் அந்தச் சந்தோஷத்தோடு பூனை வீட்டுக்குப் போனாள். பூனையின் அப்பா போன மாதம்தான் புதுக் கணினி வாங்கியிருந்தார். பூனை அதில் அதே விளையாட்டைத் திறந்தாள்.

கழுகுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

திரை முழுக்கப் புல்! இடுப்பளவு உயரத்துக்கு அடர்ந்த பச்சைப் புல். காற்று அடிக்க அடிக்க அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. நடுநடுவே மஞ்சள் பூக்கள் வேறு.

"இது என்ன இடம்?"

"என்னடி கேள்வி இது? தினமும் விளையாடுற இடம்தான். பாரு, நான் இங்கதான் படுப்பேன்." பூனை திரையில் இருந்த தன் பொம்மையைக் குப்புறப் படுக்க வைத்தாள். பொம்மை புல்லுக்குள் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. "இவ்வளவு நல்லா ஒளிஞ்சும் நீ கண்டுபிடிச்சிடற. அது எப்படின்னுதான் எனக்குத் தெரியல."

கழுகின் வீட்டுத் திரையில் ஒரே ஒரு புல்கூடக் கிடையாது. வெறும் பழுப்பு நிற மண்தான்.

"எனக்கு மட்டும் ரகசியத்தைச் சொல்லித் தாயேன்" என்று பூனை கெஞ்சினாள். "சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

மேசையில் பூனையின் சிற்றுண்டித் தட்டு இருந்தது. அதில் நறுக்கி வைத்த கேரட் இருந்தது.

"கேரட்" என்று வாயில் வந்துவிட்டது. "நிறைய கேரட் சாப்பிடு."

வீட்டுக்கு வந்ததும் நேராக அக்காவிடம் போனாள்.

"அக்கா, நம்ம விளையாட்டுல புல்லு எங்க?"

"நான்தான் எடுத்துட்டேன். ஒவ்வொரு புல்லையும் வரையச் சொன்னா அந்தக் கிழட்டுக் கார்டு மூச்சு வாங்கி விழுந்துடும். கவலைப்படாத, சனிக்கிழமையிலிருந்து புல்லு, பூ எல்லாம் வந்துடும்."

அப்படியானால் கழுகுப் பார்வை என்று ஒன்று கிடையவே கிடையாது. பழைய கார்டு அவளுக்குக் கொடுத்த சலுகைதான் அது! புதுக் கார்டு வந்தால் கழுகும் எல்லோரையும் போல ஐந்து நிமிடம் திருதிருவென விழித்துக்கொண்டு தேட வேண்டும். அப்புறம் யார் 'எப்படி? எப்படி?' என்று அலறுவார்கள்?

புதுக் கார்டைப் போட்டுவிட்டு, புல்லை மட்டும் அணைத்தே வைத்தால்? சேச்சே, அது தெரிந்தே செய்கிற ஏமாற்று வேலை. பழைய கார்டு இருந்தால் பிரச்சினையே இல்லை. பழி கார்டின் மேல், புகழ் அவள் மேல்.

அன்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எனக்குப் புதுக் கார்டு வேணாம்."

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். அம்மா கழுகின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே" என்றாள்.

"ஒரு வருஷமா என் காதைத் தின்னுட்டு இப்ப வேணாமா?" என்றாள் அக்கா.

"பழசு ஆயிடுச்சுன்னு தூக்கிப் போடறதா? எட்டு வருஷமா உழைச்சிருக்கு, பாவம்."

"அடேயப்பா, என்ன கருணை!" அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சனிக்கிழமை காலை வரைக்கும் யோசி. அப்புறம் அவ வேற யாருக்காவது கொடுத்துடுவா."

புதன்கிழமை பள்ளி இடைவேளையில் பூனை டப்பாவைத் திறந்தாள். முழுக்க கேரட். வியாழக்கிழமையும் கேரட். "கேரட்டே வேணும்னு எங்க அம்மாகிட்ட அடம்பிடிச்சேன். எங்க அம்மா பயந்துட்டாங்க" என்றாள் பூனை கடித்துக்கொண்டே. இரண்டு நாளும் சாயங்காலம் அவள் புதுப் புது இடங்களில் ஒளிந்தாள். பழுப்பு மண்ணில் அவள் பளிச்சென்று தெரிந்தாள். கழுகு வேண்டுமென்றே அவளைக் கடைசியாகக் கண்டுபிடித்தாள். அப்படியும் அவளுக்கு மனசு உறுத்தியது.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் கழுகு அப்பா கடைக்குப் போய், கண்ணாடிகளைத் துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. பூனையும் அவள் அம்மாவும் உள்ளே வந்தார்கள்.

"தனக்குக் கண்ணு சரியாத் தெரியலைன்னு ஒரே புலம்பல். கொஞ்சம் பாருங்க" என்றாள் பூனையின் அம்மா.

அப்பா பூனையை நாற்காலியில் உட்கார வைத்தார். சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைக் காட்டினார். பூனை பெரிய எழுத்திலிருந்து படித்துக்கொண்டே வந்தாள். கடைசி வரியில் எறும்பு சைஸில் இருந்த எழுத்துகளையும் மளமளவென்று படித்துவிட்டாள்.

"பிரமாதம்! உன் கண்ணு என் பொண்ணு கண்ணைவிட நல்லா இருக்கு. அவ கடைசி வரியில ரெண்டு எழுத்தைத் தப்பாப் படிப்பா" என்று சிரித்தார் அப்பா.

பூனை சிரிக்கவில்லை. அவள் உதடு துடித்தது.

"அப்ப கண்ணுல குறை இல்ல. எனக்குத்தான் திறமை இல்ல. இனிமே நான் விளையாட வரலை" என்றாள். பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

கழுகு கையிலிருந்த கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு நாற்காலி அருகே போனாள்.

"பூனை, உனக்குத் திறமை இருக்கு. என் கணினியில புல்லே கிடையாது."

"என்னது?"

"என் கார்டு பழசு. அதால புல்லை வரைய முடியாது. நீ புல்லுக்குள்ள ஒளிஞ்சா, எனக்கு நீ வெறும் தரையில படுத்திருக்கற மாதிரி தெரியும். செவ்வாய்க்கிழமை உன் வீட்டுல பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. மன்னிச்சுக்கோடி."

பூனை மூக்கை உறிஞ்சினாள்.

"கேரட்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அது சும்மா சொன்னது."

"ரெண்டு கிலோ தின்னிருக்கேன்டி, பாவி!"

பூனையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது. கழுகுப் பார்வை என்று பெருமையடித்த அப்பா அவசரமாக எதையோ தேடுவதுபோல இழுப்பறைக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"என்னால நம்ப முடியல. எனக்கு அதைக் காட்டு" என்றாள் பூனை.

இருவரும் கழுகின் வீட்டுக்கு ஓடினார்கள். கழுகு விளையாட்டைத் திறந்தாள். முந்தின நாள் பூனை படுத்திருந்த இடத்துக்குப் பொம்மையை நடத்திக்கொண்டு போனாள். தட்டையான பழுப்பு மண். சுற்றிலும் எதுவுமே இல்லை.

"இங்கயா நான் படுத்திருந்தேன்?"

"இங்கதான்."

"நான் மூச்சைக்கூடப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்டி!" என்றாள் பூனை. அடுத்த நொடி குபீரென்று சிரித்தாள். கழுகுக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டார்கள். பூனைக்கு விக்கல் வந்து, அது நிற்கப் பத்து நிமிடம் ஆனது.

அப்போது அக்கா எட்டிப் பார்த்தாள். "என்ன, கார்டு விஷயம் யோசிச்சியா? வேணுமா, வேணாமா?"

கழுகு எழுந்து உட்கார்ந்தாள். புகழ் போகப்போகிறது என்று நினைத்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. அதைவிட, பூனை எப்படி ஒளிகிறாள் என்று உண்மையாகவே பார்க்க வேண்டும் போல இருந்தது.

"வேணும்க்கா" என்றாள்.

சனிக்கிழமை காலை அக்கா கணினிப் பெட்டியைத் திறந்தாள். பவர் சப்ளை தாங்கும் என்று ஏற்கெனவே பார்த்துவிட்டாள். ஆனால் புதுக் கார்டு ஒரு விரல் அகலம் கூடுதல் நீளமாக இருந்ததால் நுழைய மறுத்தது. அக்கா வழியில் இருந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டினாள். அப்பா டார்ச் பிடித்தார், பிடித்த பிடியில் பாதி வெளிச்சம் கூரையில் விழுந்தது. கழுகு திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டுக் காவல் காத்தாள். கடைசியில் 'டக்' என்று கார்டு உட்கார்ந்தது. விசிறிகள் சுழன்றன.

விளையாட்டில் 'புல்' என்ற இடத்தில் கழுகே அழுத்தினாள். பழுப்பு மண் முழுவதும் ஒரே நொடியில் பச்சையானது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு நெட்டையிடமும் வாயாடியிடமும் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"ஆறு மாசமா நான் மொட்டை வெளியிலயா உக்காந்திருந்தேன்!" என்றான் நெட்டை.

"அப்ப இவ கழுகே இல்ல. பேரை மாத்தணும்!" என்றாள் வாயாடி.

"அதெல்லாம் வேணாம். கழுகா இருந்தாலும் புல்லு மறைக்கத்தானே செய்யும்?" என்றாள் பூனை. "நீ தேடு கழுகு. நாங்க ஒளியறோம்."

கழுகு தேடினாள். பாறைக்குப் பின்னால் பார்த்தாள், ஓடை ஓரம் பார்த்தாள். புல் ஆடும்போதெல்லாம் யாரோ ஓடுவது போல இருந்தது. போய்ப் பார்த்தால் காற்று. மஞ்சள் பூவை நெட்டையின் தொப்பி என்று நினைத்து, "பிடிச்சிட்டேன்!" என்று கத்தினாள். ஹெட்போனில் மூன்று பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினார்கள். ஐந்து நிமிடம் முடிந்து மணி அடித்தது. ஒருவரைக்கூட அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள் நின்றிருந்த இடத்திலேயே, காலுக்கு ஓர் அடி தள்ளி, புல் சலசலத்தது. பூனை எழுந்து நின்றாள்.

"மூணு தடவை என் மேலயே ஏறி நடந்துட்ட!"

"எப்படி? எப்படி?" என்று அலறினாள் கழுகு. அந்தக் கத்தலைக் கேட்டு அம்மாவும் அப்பாவும் அக்காவும் அறை வாசலில் வந்து நின்றார்கள். யாரையும் கவனிக்காமல் அவள் நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போய் ஒளியுங்க எல்லாரும்" என்றாள். "மறுபடியும் நான்தான் தேடுவேன்!"