கடலுக்குப் பல் இருக்கிறதா?

“கடலுக்குப் பல் இருக்கு! நான் வரமாட்டேன்!”

தம்பி கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அவன் கணுக்காலில் ஊசி குத்தியதுபோல் ஆறேழு சிவப்புப் புள்ளிகள். நேற்று முழங்கால் தண்ணீரில் நின்றபோது ஏதோ கடித்துவிட்டது.

அம்மா கடற்கரையில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். “இன்னிக்குச் சாயங்காலம் வரலேன்னா அவன் இடத்தை வேற பிள்ளைக்குக் கொடுத்துடுவேன்,” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மிதக்கக் கற்றுக்கொள்ளவே தம்பி மூன்று மாதம் எடுத்துக்கொண்டான். அத்தனையும் வீணாகிவிடுமே!

அக்காவின் பட்டப்பெயர் பம்பரம். காலில் சக்கரம் கட்டியவள். நேற்று நீச்சல் வகுப்பில் எல்லாரையும் ஏதோ கடித்தது, அவளை மட்டும் கடிக்கவில்லை. ஏன் என்று யோசித்தபடி கூடத்தைப் பத்துச் சுற்று சுற்றினாள்.

“நின்னாத்தானே கடிக்கும்!”

டீ வடிகட்டியையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, அம்மாவோடு காலை வகுப்புக்குப் போனாள். முழங்கால் ஆழத்தில் அசையாமல் நின்று எண்ணினாள். இருபதில் மூக்கு அரித்தது. நாற்பதில் முதுகு அரித்தது. அறுபதில் கால் தானாக ஆடப் பார்த்தது.

“என்னடி, உடம்பு சரியில்லையா?” என்று அம்மா கவலையோடு கேட்டார்.

எண்பத்தொன்றில் சுருக்! வடிகட்டியால் காலோரம் ஒரே வாரு வாரி, சிக்கியதைத் தண்ணீரோடு பாட்டிலில் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். “இந்தாடா, கடலோட பல்லு.”

தம்பி பாட்டிலை உருட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

“அரிசி அளவுகூட இல்லையே! இதுக்கா நான் அழுதேன்?” தம்பியின் தலை வெளியே வந்தது. “இது யாரு, அக்கா?”

“அதோட காலை எண்ணினா தெரியும்.”

எங்கே எண்ணுவது? அது ஒரு நொடிகூட நிற்கவில்லை.

“உன்னைவிட மோசம்க்கா!”

பூதக்கண்ணாடியோடு இருவரும் மூச்சடக்கிக் காத்திருந்தார்கள். ஒருவழியாக அது பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொண்டது. இந்தப் பக்கம் ஏழு கால். அந்தப் பக்கமும் ஏழு. எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி.

எங்கேயோ பார்த்த கால்களாக இருக்கவே, பம்பரம் ஓடிப்போய்ப் பூந்தொட்டிக்கடியில் ஊர்ந்த சாம்பல்நிறப் பூச்சி ஒன்றைக் கொண்டுவந்தாள். அதற்கும் ஏழு, ஏழு! நூலகப் புத்தகத்தில் இரண்டின் படங்களும் ஒரே பக்கத்தில் இருந்தன. ஐசோபாட் என்று போட்டிருந்தது. நண்டுக்கும் இறாலுக்கும் சொந்தமாம்.

“இது செத்த மீனைத் தின்னுமாம்டா. அசையாம நின்ன உன் காலையும் செத்த மீன்னு நினைச்சிருக்கும்.”

“நான் செத்த மீனா?” தம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

சாயங்காலம் அவனே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். தண்ணீரில் இறங்கி அந்தக் குட்டி உயிரை மெதுவாக விட்டான். பிறகு குதியோ குதியென்று குதித்தான்.

“நல்லாப் பாத்துக்கோ! நான் உயிரோட இருக்கேன்!”

அவன் குதித்ததில் நனைந்த தன் முகத்தைத் துடைத்துக்கொண்டே, வரிசையின் முன்னால் அவனுக்கு இடம் விடச் சொன்னார் அம்மா.