கடைசி ஜாடி

நாற்பத்தொன்றாம் கட்டம் காலியாக இருந்தது.

செல்ஃபினா மைக்ரோஸ்கோப் லென்ஸிலிருந்து முகத்தை எடுத்து, இமைகளை அழுத்தித் தேய்த்துவிட்டு மறுபடி குனிந்தாள். அறுபது கட்டம் அச்சிட்ட கறுப்பு அட்டை. கடலடிச் சேற்றை அலசினால் கிடைக்கிற, ஒரே செல்லாலான உயிர்களின் கூடுகளைத்தான் அதில் கட்டத்துக்கு ஒன்றாகப் பசை தொட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். சாப்பிடப் போகும்போது நாற்பத்தொன்றில் ஒன்று இருந்தது. இப்போது பசையின் வட்டத் தடம் மட்டும் இருந்தது.

தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டாள். ஆறு மாதமாக அவளுக்கு எல்லாமே தூக்கக் கலக்கம்தான். கைப்பிள்ளை எடோ இரவில் நாலு முறை எழுந்து அழுவான், கணவன் சூரை மீன் கப்பலில் செப்டம்பர்வரை வரமாட்டான். ஆம்போன் தீவில் மூன்று வாரமாக விடாத மழை. ஆய்வுக்கூடத்தின் பின்னறையில் ஏசி சொட்டும் சத்தமும், ஈரச் சாக்கு நாற்றமும், கூரைத் தகரத்தின் மேல் யாரோ ஓயாமல் அரிசி கொட்டுவது போன்ற மழையும் சேர்ந்து, பகல் இரண்டு மணிக்கே ஒரு இருட்டு உட்கார்ந்திருந்தது.

பன்னிரண்டு ஜாடிச் சேறு. முதலாவது விரிகுடா வாயில் அறுபது மீட்டர் ஆழத்தில் எடுத்தது. அதில் கொழுத்த, வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்புக் கூடுகள் அள்ள அள்ள வரும். ஆழம் கூடக் கூடக் கூடுகள் மெலியும். இன்னும் கீழே போனால் சுண்ணாம்பு தண்ணீரில் சர்க்கரை மாதிரிக் கரைந்துவிடும். கடைசி ஜாடி பண்டா கடலில் நாலாயிரத்து எழுநூறு மீட்டர். அங்கே வாழ்கிறவை சுண்ணாம்பை நம்புவதில்லை. கைக்கு எட்டுகிற மணலை, முள்ளை, செத்ததன் சில்லை ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டித் தங்களைச் சுற்றி ஒரு குழாய் கட்டிக்கொள்ளும். இருப்பதை வைத்துக் கட்டும். இரண்டு வாரமாக அவள் அந்த ஜாடியைத்தான் துழாவிக்கொண்டிருந்தாள்.

பிரஷ் நுனியை நாக்கில் வைத்து ஈரமாக்கிக் கூர் பிடித்தாள். மூன்று மயிர் கனமுள்ள பிரஷ். எச்சில் மாதிரி வேறெதுவும் அதைக் கூராக்காது. வாயில் வைக்காதே என்று சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். பன்னிரண்டு வருடமாக அவளுடைய மழைக்கோட்டு அதன் மேல்தான் தொங்குகிறது. அங்கே வேலை பார்த்த எல்லோரும் நக்கினார்கள். சேறு கப்பலுக்கு வந்த நிமிடமே அதில் ஆல்கஹால் ஊற்றிவிடுவார்கள், உள்ளே இருப்பதெல்லாம் பிணம். பிணத்துக்கு என்ன பயம்.

நாக்கு கீழ்வரிசைப் பற்களின் பின்புறத்தை ஒருமுறை தடவிப் பார்த்தது. ஒரு வாரமாக அங்கே ஒரு சொரசொரப்பு. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசியது. பிள்ளை பெற்றால் பல் போகும் என்று நாத்தனார் மரிச்சே சொல்லியிருந்தாள். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுபடி குனிந்தபோது ஏழாம் கட்டமும் காலி. பன்னிரண்டு. முப்பத்து மூன்று. முப்பத்து நான்கு.

அட்டையைத் தட்டிப் பார்த்தாள். மேஜையைத் தடவினாள். அட்டையின் விளிம்பிலிருந்து பிரஷ் வைக்கும் கிண்ணம்வரை ஒரு தடம் தெரிந்தது. எறும்பு ஊர்ந்த தடத்தைவிட மெல்லியது, ஈரமானது.

யோப்பியைப் போனில் பிடித்தாள். கப்பலில் சேறு எடுத்தவன் அவன்தான். அக்கா என்பதற்கு அந்த ஊர் வழக்கில் உசி என்றுதான் அவளைக் கூப்பிடுவான்.

“உசி, மீன் தின்னுட்டு இருக்கிற நேரத்துல சேத்தைப் பத்திப் பேசணுமா?”

“கடைசி ஜாடில ஆல்கஹால் எவ்வளவு ஊத்தினே?”

அவன் மெல்லுவது நின்றது.

“ஊத்தல உசி. அங்க போறதுக்குள்ள கேன் ஒழுகித் தீர்ந்துபோச்சு. நாங்க குடிச்சுட்டோம்னு எழுதிடாதீங்க. கடல்தண்ணியோட அப்படியே ஐஸ் பெட்டில வெச்சோம். மேல வந்தா எல்லாம் தானா செத்துடும்னாங்க. லேபிள்ல எழுத மறந்துட்டேன். ஏன், நாறுதா?”

நாறவில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். நாறவில்லைதான். மருந்து படாமல் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்த சேறு. அழுகிய முட்டை மாதிரி வீச வேண்டும். மூடியைத் திறந்து முகர்ந்தாள். மழை பெய்து ஓய்ந்த பாறையின் வாசனை. எதுவுமே சாகாத வாசனை.

கிண்ணத்திலிருந்த பிரஷை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடித் துண்டை எடுத்து, ஊசியால் கீழ்ப்பற்களின் பின்புறத்தைச் சுரண்டி, வந்ததை அதில் தடவி லென்ஸுக்கு அடியில் வைத்தாள்.

ஒரு குழாய். பக்கத்தில் இன்னொன்று. துகள் துகளாக, இடைவெளி இல்லாமல், கொத்தனார் அடுக்கிய மாதிரி. ஆனால் துகள் மணல் இல்லை. மணலைப் பார்த்தே தேய்ந்த கண் அவளுடையது. இது பால் நிறம். ஓரத்தில் லேசான மஞ்சள். தினம் மூன்று வேளை காப்பி குடிக்கிறவளின் மஞ்சள்.

நாக்கு தானாகப் போய்த் தேடியது. நடுப்பல்லின் பின்னால் ஒரு குழி. அதன் பக்கத்துப் பல்லிலும்.

ரோஜாச் சாயத்தில் ஒரு சொட்டு விட்டாள். அந்தச் சாயம் வெறும் கூட்டில் நிற்காது, கழுவினால் போய்விடும். உள்ளே சதை இருந்தால்தான் பிடிக்கும். கழுவினாள். அவசரத்தில் விரலெல்லாம் சாயம்.

இரண்டும் சிவப்பு.

போன் அதிர்ந்தது. மரிச்சேயின் குரல் செய்தி.

“செல்ஃபி, வந்துட்டுது. நம்ம பெரிய மனுஷனுக்கு முதல் பல்லு. கரண்டியால தட்டினேன், டிங்குனு கேட்டுது. நீ மென்னு ஊட்டுற வேலை முடிஞ்சுது. வாழைப்பழம் வாங்கிட்டு வா, அவனே கடிச்சுத் தின்னட்டும்.”

வேகவைத்த மரவள்ளி. முள் எடுத்த மீன். ஒவ்வொரு சாயங்காலமும் தன் வாயில் கூழாக மென்று, விரலால் வழித்து, பிள்ளை வாயில். அந்தத் தெருவில் எல்லோரும் அப்படி வளர்ந்தவர்கள்தான். நேற்றும் ஊட்டினாள். முந்தாநாளும்.

மழைக்கோட்டை எடுக்கவில்லை. ஷேர் வேனில் நனைந்தபடி வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து அம்மாள் உடம்புக்கு என்ன என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். நாக்கை ஒரு இடத்தில் வைத்திருக்க முடியவில்லை. அது போய்ப் போய்த் தொட்டது. குழி பெரிதாகியிருந்தது.

வீட்டில் விளக்கு எரிந்தது. மரிச்சே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். வாழைப்பழம் எங்கே என்றாள். முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது, தூங்கினால்தானே என்றாள். எடோ அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டி, வாயைத் திறந்து சிரித்தான்.

கீழ் ஈறில் வெள்ளையாக ஒரு முனை.

செல்ஃபினா பையிலிருந்த கைலென்ஸை எடுத்தாள். மரிச்சேயைப் போன் விளக்கைப் பிடிக்கச் சொன்னாள். இடது கையால் பிள்ளையின் உதட்டை இறக்கினாள்.

துகள் துகளாக.

மேல் வரிசைகள் பால் நிறம், ஓரத்தில் மஞ்சள். அவளுடையவை. அதற்குக் கீழே, ஈறுக்குள் இறங்குகிற வரிசைகள் வேறு. புத்தம் புது வெள்ளை. எந்த அட்டையிலும் அவள் பார்த்திராத வெள்ளை. பிள்ளைக்கு இன்னும் பல் இல்லை. வாயில் எடுத்துக் கட்ட எதுவும் இல்லை.

எலும்பு இருந்தது.

“என்ன செல்ஃபி? பல்லுதானே?” என்றாள் மரிச்சே.

எச்சில் ஒழுகி அவள் விரலை நனைத்தது. நகக்கண்ணில் காய்ந்திருந்த சாயம் கரைந்து ஈறில் பரவியது. ஈறு சிவந்தது, எடோ எச்சிலை விழுங்கினான், சிவப்பு கழுவிக்கொண்டு போனது. அந்த வெள்ளை முனையில் மட்டும் போகவில்லை. உள்ளே இறங்கியது. அடியிலிருந்து நுனிவரை, மெதுவாக, திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி.

பக்கத்தில் இன்னொரு முனை சிவந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஈறுக்கு அடியில், தாடை முழுக்க, காதுவரை, கட்டத்துக்கு ஒன்றாக.

எடோ சிரித்துக்கொண்டே அவள் விரலைக் கவ்விப் பிடித்தான்.